லாரி வருவதற்கு முன்

மலேசியாவின் மலையூரான தானா ராத்தாவில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பேசியது. அச்சுக்காகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறேன்.

பனி விலகாத நேரத்தில் ரிங்லெட்டிலிருந்தும் கம்போங் ராஜாவிலிருந்தும் வளைவுச் சாலையில் வந்திருக்கிறீர்கள். பசியாறாமல் வந்தவர்களும் இருப்பீர்கள். ஆகவே முகமனை இதோடு முடித்துக்கொள்கிறேன்.

உள்ளே வரும்போதே ஓர் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, லினக்ஸ் போட்டா என் பழைய லேப்டாப் புதுசு மாதிரி ஓடுமா?" ஓடாதுக்கா. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேருக்கு வரவிருக்கும் ஏமாற்றம் மிச்சம். உங்கள் லேப்டாப் எழுந்து உட்காரவே எட்டு நிமிடம் எடுக்கிறதென்றால், பெரும்பாலும் குற்றவாளி உள்ளே சுழல்கிற பழைய வன்தட்டுதான். அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டுங்கள். நான் கடைசியாக ஒன்று வாங்கியபோது நூறு வெள்ளிக்குள் முடிந்தது. லினக்ஸ் போட்டாலும் போடாவிட்டாலும் முதல் செலவு அதுதான். நாலு ஜிபி மெமரி உள்ள கணினியில் லினக்ஸ் சுலபமாக ஓடும். ஆனால் பிரௌசரில் பதினைந்து பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் லினக்சுக்கும் மூச்சு வாங்கும். இணையப் பக்கங்கள் அவ்வளவு பெருத்துவிட்டன. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பிறகு எதற்கு லினக்ஸ்? 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கணினி ஓடும்; ஆனால் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று பொருள். விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும். இன்டெல் ப்ராசசர் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முன் வாங்கிய லேப்டாப், விசைப்பலகை ஒரு எழுத்துகூடத் தேயாமல் இருந்தாலும், கணக்கில் கழிக்கப்பட்டுவிட்டது.

இந்த மலையில் இருப்பவர்களுக்கு இது விளங்காத கணக்கு. 1929இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலை முடிந்ததே 1931இல். அந்தக் காலத்தில் நட்ட செடிகளில் இன்றும் கொழுந்து எடுக்கிறார்கள். செடி தளர்ந்தால் பிடுங்கிப் போடுவதில்லை, கவாத்து வெட்டிவிடுகிறார்கள், மறுபடி துளிர்க்கிறது. பத்து வருடக் கணினிக்கு லினக்ஸ் அப்படி ஒரு கவாத்து. அவ்வளவுதான், அதற்குமேல் மந்திரம் ஒன்றும் இல்லை.

லினக்ஸ் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாரும் பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் கூடிய ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், அந்த உடம்புக்கு ஓர் இதயம் செய்துகொண்டிருப்பதாக எழுதினார். இரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் லினக்ஸ் என்கிறோம். உபுண்டு, மின்ட், டெபியன் எல்லாம் அதன் வெவ்வேறு சமையல்கள். உங்கள் பையில் இருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் அதன் அடியிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. ஆகவே "எனக்குப் பழக்கமில்லை" என்று இந்த மண்டபத்தில் யாரும் சொல்ல முடியாது.

நான் பிறந்தது இங்கே ஒரு தோட்டத்து லயத்தில். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. தோட்ட வீடு அப்படித்தான். முப்பது வருடம் குடியிருக்கலாம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், வாசலில் முருங்கை வைக்கலாம், ஆனால் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அன்று எங்கள் வீட்டில் நடந்த குழப்பத்தை நான் மறக்கவில்லை. லாரி காலை ஏழு மணிக்கே வந்து நின்றுவிட்டது. அம்மா அப்போதுதான் பாத்திரங்களைக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தார். லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். அந்த அவசரத்தில் ஆட்டுக்கல் லயத்திலேயே நின்றுவிட்டது. இரும்புப் பெட்டி வந்தது, அதன் சாவி வரவில்லை.

இத்தனை வருடம் ஈப்போவில் கணினி பழுது பார்த்ததில் நான் கண்டது இதுதான்: லினக்சுக்கு மாறி அவதிப்பட்டவர்களில் பெரும்பாலோர் லினக்சால் அவதிப்படவில்லை. லாரியை முதலில் கூப்பிட்டுவிட்டு, சாமானைப் பிறகு கட்டியவர்கள் அவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில், லினக்சைப் பென்டிரைவில் எழுத டிடி என்ற கட்டளையைத் தட்டினேன். கணினியில் இரண்டு தட்டுகள் செருகியிருந்தன. ஒன்று பென்டிரைவ், மற்றது எங்கள் குடும்பத் திருவிழாப் படங்கள் இருந்த வெளித்தட்டு. லினக்ஸ் அவற்றை எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயரிட்டுக் காட்டும். ஒரே ஓர் எழுத்து மாறிப்போனது. "நிச்சயமா?" என்றுகூட அது கேட்கவில்லை. பத்து வருடப் படங்களின் மேல் லினக்ஸ் நிதானமாக எழுதி முடித்தது. அக்காவின் காதுகுத்துப் படம் இன்று யாரிடமும் இல்லை. ஆகவே எழுதும்போது மற்ற எல்லாத் தட்டுகளையும் உருவிவிடுங்கள். விண்டோசில் ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அவை தட்டின் பெயரையும் அளவையும் காட்டிவிட்டுத்தான் எழுதும். அந்த அளவை வாய்விட்டுப் படியுங்கள். சிரிக்காதீர்கள், நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

முதலில் சாமான் கட்டுவது. ஆவணங்கள், படங்கள் ஒரு வெளித்தட்டில். அவற்றுள் தொலைந்தால் அழுவீர்கள் என்பவை மட்டும் இன்னோர் இடத்தில், வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. இது எல்லாருக்கும் நினைவிருக்கும். மறப்பது மற்றவை: பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்கள், டெஸ்க்டாப்பில் குவித்து வைத்தவை, டவுன்லோட் பெட்டியில் கிடக்கும் வருமான வரிக் கடிதம். பிட்லாக்கர் என்ற பூட்டு உங்கள் தட்டில் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். சில கணினிகளில் அது நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். இரும்புப் பெட்டியின் சாவி என்றேனே, அது இதுதான்.

அடுத்து, குடிபோகும் முன் புது வீட்டைப் போய்ப் பார்ப்பது. லினக்சில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. கணினியில் எதையும் நிறுவாமலே, பென்டிரைவிலிருந்து முழு லினக்சையும் ஓட்டிப் பார்க்கலாம். பள்ளியில் விரலி என்கிறோமே, அந்தப் பென்டிரைவ் எட்டு ஜிபி இருந்தால் போதும். புதியவர்களுக்கு நான் கொடுப்பது லினக்ஸ் மின்ட். மெமரி நாலு ஜிபி என்றால் அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, எட்டு என்றால் சின்னமன். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். உபுண்டுவும் நல்லதுதான், பழைய கணினியில் கொஞ்சம் கனம். தரவிறக்கும் கோப்பு மூன்று ஜிபியை ஒட்டி இருக்கும், ஆகவே கைப்பேசி டேட்டாவில் இறக்காதீர்கள்.

பென்டிரைவைச் செருகி, கணினியை முடுக்கியதும் ஒரு விசையைத் தட்டவேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12தான், ஆனால் அந்த மெனுவை பயாஸ் என்ற தொடக்க அமைப்பில் முதலில் திறந்துவிட வேண்டியிருக்கும். பட்டியல் வந்ததும் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் மின்ட் எழும். இப்போது அவசரப்படாமல் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வைஃபை பிடிக்கிறதா? யூடியூபில் சத்தம் வருகிறதா? கேமராவில் முகம் தெரிகிறதா? மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா, இல்லை கறுப்புத் திரையோடு நிற்கிறதா? புது வீட்டில் குழாயைத் திறந்து பார்க்கிறோம், விளக்கைப் போட்டுப் பார்க்கிறோம், அது மாதிரி.

வைஃபை பிடிக்கவில்லை என்றால் கைவிட வேண்டாம். சில பழைய ப்ராட்காம் சில்லுகளுக்கு லினக்சோடு இயக்கி வராது, இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையமே இல்லாமல் எப்படி இறக்குவது? உங்கள் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கைத் தட்டுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது சொல்லும் இயக்கியை நிறுவினால் வைஃபை வந்துவிடும். இந்த ஒரு வித்தைக்காக மட்டும் எத்தனை பேர் என்னிடம் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் தெரியுமா?

நிறுவும் எண்ணமே இல்லாதவர்கள்கூட இந்தப் பென்டிரைவ் ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன். ஓர் ஆசிரியையின் லேப்டாப்பில் விண்டோஸ் எழவில்லை. ஒரு கடையில் காட்டியிருக்கிறார். எந்த ஊர், எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். "உள்ளே இருக்கிறதெல்லாம் போச்சு டீச்சர்" என்று சொல்லி, புதிதாக விண்டோஸ் போட முன்னூறு வெள்ளி கேட்டிருக்கிறார்கள். அன்று இரவு அவர் வீட்டுச் சமையலறை மேசையில் பென்டிரைவிலிருந்து மின்டை எழுப்பினேன். பக்கவாட்டில் அவருடைய தட்டின் பெயர் வந்தது. சொடுக்கினேன், யூசர்ஸ் என்ற பெட்டி, அதற்குள் அவர் பெயர், அதற்குள் ஆறு வருடப் பாடக்குறிப்பு எல்லாம் வரிசையாக. டீச்சர் சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "தம்பி, அதைத் தொடாதீங்க" என்றார். தொடாமல் எப்படி நகலெடுப்பது? வெளித்தட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை, தேநீரும் ஆறிப்போனது. விண்டோஸ் எழவில்லை என்றால் கோப்புகள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. பூட்டிய வீட்டுக்குப் பின்கதவு இருக்கிறது.

விண்டோசையும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே லினக்சையும் நிறுவப் போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. விண்டோசில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்றொரு வசதி இருக்கிறது. அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில் கிடக்கிறது. அந்த நிலையில் லினக்சிலிருந்து அதன் தட்டைத் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது. அதை அணைத்துவிடுங்கள். இரண்டாவது கடிகாரம். மாலை நாலு மணிக்கு லினக்சிலிருந்து விண்டோசுக்குப் போனால் காலை எட்டு என்று காட்டும். பேய் பிடித்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிப்பதால் வருவது. நம் நாடு பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது, ஆகவே நமக்குச் சரியாக எட்டு மணி நேரம் பிசகும். தமிழ்நாட்டில் இருப்பவருக்கு ஐந்தரை. டைம்டேட்சிடிஎல் என்ற ஒரு கட்டளையால் லினக்சையும் உள்ளூர் நேரத்துக்குப் பழக்கலாம், எழுதித் தருகிறேன்.

இனி தமிழ். நான் உண்மையில் பேச வந்தது இதுதான்.

தமிழ்க் கணிமையில் நம் நாடு பின்வரிசையில் உட்கார்ந்த நாடல்ல. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 2001இலும் 2013இலும் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. நம்மில் பாதிப் பேர் தமிழில் தட்டக் கற்றதே முரசு அஞ்சலில்தான். அந்தப் பழக்கம்தான் லினக்சுக்கு வந்ததும் முதல் தடுமாற்றம்.

மின்டில் தமிழ் தட்ட ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையையும் அதோடு எம்17என் என்ற தொகுப்பையும் நிறுவுங்கள். அதில் தமிழ்99, ஒலிப்பு முறை, தட்டச்சு முறை எல்லாம் இருக்கும். அஞ்சலில் பழகியவர்களுக்கு ஒலிப்பு முறை நெருக்கமாக இருக்கும்; ஓரிரு எழுத்து மட்டும் விரலுக்கு இடறும். ஆனால் அங்கே போகாமல் நேராக விசைப்பலகைப் பட்டியலைத் திறந்து தமிழ் என்று தேடுபவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அங்கே தமிழ்நெட் 99 என்ற பெயரிலேயே நாலைந்து வரிசை இருக்கும். ஒன்றில் டாப் குறியாக்கம், இன்னொன்றில் டிஸ்கி குறியாக்கம் என்று போட்டிருக்கும். அவை போன காலத்து மிச்சம். தெரியாமல் தொட்டால் என்னமோ எழுத்து வரும். "லினக்சில் தமிழ் வராது" என்று ஊருக்குச் சொல்லிவிடுவீர்கள்.

புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்99 கற்றுக்கொடுங்கள் என்பது என் பிடிவாதம். 1999இல் சென்னை மாநாட்டையொட்டி வந்த முறை அது. "அம்மா" என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு. மகரத்தை இரண்டு முறை தட்டியதும் முதல் மகரத்துக்குத் தானாகவே புள்ளி விழும். "தங்கம்" எழுதினால் ங-வுக்குப் பக்கத்தில் க வந்த உடனே புள்ளி வந்து உட்காரும். தமிழில் எந்த மெய்க்குப் பின் எந்த எழுத்து வரும் என்ற இலக்கணம் விசைப்பலகைக்கே தெரிந்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் நினைத்துத் தமிழில் தட்டுவதைவிட இது பிள்ளைக்கு எவ்வளவோ மேல். அஞ்சல்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், தேநீர் நேரத்தில் வைத்துக்கொள்வோம்.

மெனுக்களையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் மொழிப் பட்டியலில் தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை என்று இரண்டுதான் இருக்கும். தமிழ் மலேசியா இல்லை. யாரும் நம்மை ஒதுக்கவில்லை. யாராவது ஒருவர் அதை எழுதிக் கொடுக்க வேண்டும், இன்னும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இந்தியத் தமிழைத் தேர்ந்தால் பணம் ரூபாயாகிவிடும். ஆகவே மொழி என்ற இடத்தில் தமிழையும், வட்டாரம் என்ற இடத்தில் மலாய் மலேசியாவையும் தேர்ந்தெடுங்கள். மின்டில் இரண்டும் தனித்தனி. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், முதல் ஆறு மாதம் மெனுவை ஆங்கிலத்திலோ மலாயிலோ விட்டுவிட்டு எழுதுவதை மட்டும் தமிழில் எழுதுங்கள். மொழிபெயர்ப்புகள் தன்னார்வலர்களின் உழைப்பு. ஒரே சொல்லை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் போட்டிருப்பார்கள். உதவி தேடும்போது அது குழப்பும்.

ஆசிரியர்களுக்கு ஒரு தனிச் செய்தி. நீங்கள் வினாத்தாளை வேர்டில் லதா எழுத்துருவில் எழுதுகிறீர்கள். லதா, விண்டோஸ் 2000 காலத்தில் விண்டோசோடு வரத் தொடங்கியது, லினக்சோடு வராது. லினக்சில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரெஆஃபிசில் அந்தக் கோப்பைத் திறந்தால் வேறு தமிழ் எழுத்துரு வந்து உட்காரும், அகலம் மாறும், இரண்டு பக்கத்தில் அடங்கிய தாள் மூன்றாம் பக்கத்தில் இரண்டே வரியாய் வழியும். படத்தைப் பார்த்து எழுதுக என்றிருக்கும், படம் அடுத்த பக்கம் போயிருக்கும். இதற்கு லிப்ரெஆஃபிசைத் திட்டிப் பயனில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றை விண்டோசிலும் லினக்சிலும் நிறுவி, பள்ளி முழுதும் அதையே பயன்படுத்துங்கள். அச்சுக்குப் போவதைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். ஆங்கிலத்துக்குக் கவலையில்லை, ஏரியல், கேலிப்ரி இரண்டுக்கும் அதே அகலத்தில் லிபரேஷன், கார்லிட்டோ என்ற மாற்று எழுத்துருக்கள் உண்டு. தமிழுக்கு அப்படி ஓர் இரட்டைப் பிறவியை எனக்குத் தெரிந்து யாரும் செய்துவைக்கவில்லை.

கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் தமிழருக்கென்றே ஒரு குழி இருக்கிறது. விண்டோசில் கோப்பின் பெயர் 255 குறிகள் வரை இருக்கலாம். லினக்சில் 255 பைட்டுகள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. "தீ" என்ற ஓரெழுத்துக்கே தகரம் ஒன்று, ஈகாரக் குறி ஒன்று, ஆக ஆறு பைட். ஆகவே 85 குறிதான் உச்சவரம்பு. ஒரு பள்ளியில் நகலெடுக்கும்போது ஒரே ஒரு கோப்பு மட்டும் வர மறுத்தது. பெயரைப் பார்த்தேன்: 2019 ஆண்டு ஐந்து தமிழ்மொழி அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் திருத்தப்பட்ட இறுதிப் படி தலைமையாசிரியர் பார்வைக்கு. கணக்குப் பார்த்தால் 300 பைட்டை ஒட்டி வருகிறது. ஆசிரியர் எழுதிய பெயர் வேறு எப்படி இருக்கும்! நகலெடுக்கும் முன் நீளமான தமிழ்ப் பெயர்களைக் குறுக்கிவிடுங்கள். பதிலுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. லினக்சுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்கும், பிள்ளைகள் குழம்பும். தமிழில் அந்தத் தொல்லையே கிடையாது.

இப்போது சாவி தொலைந்த பெட்டிக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டையொட்டி நம் ஊரில் எழுதிய தமிழ்க் கோப்புகள் பலவும் டிஸ்கி குறியாக்கத்தில் இருக்கும். ஆலயத் திருவிழா மலர், சங்கத்தின் ஆண்டறிக்கை, கல்யாணப் பத்திரிகை எல்லாம். அவற்றை இன்று திறந்தால் தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்தாகக் கொட்டும். லினக்சில் மட்டும் அல்ல, அந்த எழுத்துரு இல்லாத எந்தப் புதுக் கணினியிலும் அப்படித்தான். அது கெட்டுப்போன கோப்பு இல்லை, அழித்துவிடாதீர்கள். 256 இடங்களில் முதல் 128ஐ ஆங்கிலத்துக்கு விட்டு, மீதியில் தமிழ் எழுத்து வடிவங்களை வைத்தது டிஸ்கி. அதனால் இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றும்போது இடையில் கலந்த ஆங்கிலம் சேதமாகாது. இலங்கையிலிருந்து வந்த பாமினி எழுத்துருக் கோப்பு அப்படியில்லை. அதில் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் இருக்கும், மாற்றினால் ஆங்கிலச் சொல்லும் தமிழ் மாதிரி உளறும். தமிழையும் ஆங்கிலத்தையும் பிரித்துவிட்டுத் தமிழை மட்டும் மாற்ற வேண்டும். சுரதா என்பவர் எழுதிய பொங்குதமிழ் மாற்றி குறியாக்கம் மாற்றும் வேலையைச் செய்யும். நிறையக் கோப்பு இருந்தால், பைத்தான் தெரிந்த பிள்ளை யாரிடமாவது ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பைச் சொல்லுங்கள். அதில் டிஸ்கி மாற்றி இருக்கிறது, ஒரு மாலையில் நூறு கோப்பை மாற்றிவிடலாம். இந்த வேலையை லினக்சுக்கு மாறும் முன், பழைய எழுத்துரு ஓடுகிற அந்தக் கணினி உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள். மாற்றியதைப் பழைய திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதற்காகத்தான்.

அச்சுப்பொறி பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், சொன்னால் மதியம் ஆகிவிடும். கட்டற்ற மென்பொருள் என்ற எண்ணமே ஸ்டால்மனுக்கு ஓர் அச்சுப்பொறியால் வந்தது என்பார்கள். அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் தாள் சிக்கிக்கொண்டே இருந்த புதுப் பொறியைத் திருத்த அதன் நிரலைக் கேட்டாராம், கொடுக்க மறுத்தார்களாம். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நமக்குத் தொல்லை கொடுப்பது அதே சாமான்தான். கைப்பேசியிலிருந்து நேரடியாக அச்சடிக்கும் வைஃபை அச்சுப்பொறி என்றால் லினக்ஸ் பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். எச்பிக்கு எச்பிலிப் என்ற தொகுப்பு இருக்கிறது. பழைய மலிவான லேசர் பொறிகள் சில கடைசிவரை ஒத்துழைக்காது. வாங்கும் முன் கேளுங்கள், வாங்கிய பின் கேட்காதீர்கள்.

குடிபோன பிறகு? அப்டேட் மேனேஜர் திருத்தங்கள் வந்திருப்பதாகக் காட்டினால் அவற்றை ஏற்றுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளை முதல் நாளே முடுக்கிவிடுங்கள்; கணினி கெட்டால் நேற்றைய நிலைக்குத் திருப்பிவிடும். ஆனால் அது இயங்குதளத்தைத்தான் காப்பாற்றும். உங்கள் படங்களையும் கடிதங்களையும் அது இயல்பாகத் தொடாது, அவற்றுக்குத் தனி நகல் வேண்டும். டெர்மினலில் கடவுச்சொல் கேட்கும்போது சில வகை லினக்சில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை பழுதில்லை, தட்டிவிட்டு என்டரை அழுத்துங்கள். சூடோ என்று தொடங்கும் கட்டளையை எங்கிருந்தாவது ஒட்டும் முன், அது என்ன செய்யும் என்று ஒரு வரியாவது தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுச் சாவியைக் கொடுப்பதும் அதுவும் ஒன்று. தமிழிலேயே படிக்க விரும்பினால் 2012 முதல் கணியம் குழுவினர் எளிய தமிழில் எழுதி, மின்னூல்களை இலவசமாகத் தருகிறார்கள்.

எல்லாரும் மாறவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அடோபி மென்பொருளில் பிழைப்பு நடத்துபவர், மேக்ரோ நிறைந்த எக்செல் படிவத்தை மாதாமாதம் நிரப்புபவர், விண்டோசுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருளை நம்பிக் கடை நடத்துபவர், இவர்கள் விண்டோசிலேயே இருக்கட்டும். வற்புறுத்தி மட்டும் மாற்றுவது நிலைப்பதில்லை. நம் அரசாங்கம் 2004இல் பொதுத்துறைக்குத் திறமூல மென்பொருள் பெருந்திட்டம் போட்டது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்சைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கேரளாவில் பள்ளிகளுக்கே லினக்சைக் கொண்டுபோனார்கள். இவற்றில் கேரளாவில் அது வேர் பிடித்ததற்குக் காரணம் கணினியைக் கொடுத்தது இல்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். பக்கத்து வகுப்பு டீச்சருக்குத் தெரியும் என்றால்தான் நாமும் துணிந்து தொடுவோம்.

கேள்வி கேட்கும்போதும் ஒரு முறை இருக்கிறது. "லினக்ஸ் வேலை செய்யல" என்று எனக்குச் செய்தி அனுப்பினால் நான் என்ன சொல்ல முடியும்? கணினியின் பெயர், எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், திரையில் என்ன வந்தது, இந்த நாலும் வேண்டும். பிழைச் செய்தியை அப்படியே எழுதுங்கள்; நடுங்கும் கையால் எடுத்த படம் வேண்டாம்.

பின்னால் மேசையில் மின்ட் எழுதிய பென்டிரைவ் ஆறு வைத்திருக்கிறேன். லேப்டாப்பைக் கொண்டுவந்தவர்கள் அங்கே வாருங்கள், எழுப்பிப் பார்ப்போம், எதையும் நிறுவ மாட்டோம். சார்ஜரைக் கொண்டுவராதவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பழைய ஏசர்க்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள், முனை பெரும்பாலும் பொருந்தும். பழைய முரசுக் கோப்பு வைத்திருக்கும் ஐயா ஒருவர் காலையிலேயே என்னிடம் ஒரு சிடியைக் கொடுத்தார். அதைப் படிக்கிற டிரைவ் யாரிடமாவது இருந்தால் கை தூக்குங்கள்.